குதிரைவாலியில் மரபுப் பன்மையை மதிப்பிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைக்குத் தென்மேற்கே தே. கல்லுப்பட்டி, பேரையூர், சேடபட்டி வட்டாரங்களின் மானாவாரி நிலங்களில் குதிரைவாலி இன்றும் பயிராகிறது. அந்த விதைகளைத் திரட்டி, அவற்றுக்கிடையே உள்ள வேற்றுமையை அளந்து, புதிய ரகத்துக்கு ஏற்ற பெற்றோரைத் தெரிந்தெடுக்கும் வேலையைப் பற்றி உழவர்களும் முதுகலை மாணவர்களும் கேட்ட கேள்விகளை இங்கே விடைகளோடு தந்திருக்கிறேன். சில கேள்விகள் களத்துமேட்டிலும் சில ஆய்வகத்திலும் எழுந்தவை. அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கவில்லை. ஒருவர் கேட்டதற்கு மற்றவரிடமே பாதி விடை இருந்ததுண்டு.

நெல்லையும் சோளத்தையும் விட்டுவிட்டுக் குதிரைவாலியை எடுத்துக்கொள்வது ஏன்?

நெல்லின் முழு மரபணுத் தொகுதி 2005-ஆம் ஆண்டிலேயே படித்து முடிக்கப்பட்டுவிட்டது. உலகெங்கும் அதன் விதை மாதிரிகள் பல்லாயிரக்கணக்கில் காக்கப்படுகின்றன. குதிரைவாலிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. ஏறத்தாழ மூன்று மாதத்தில் கதிர் முற்றி, புரட்டாசியில் விதைத்தால் வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி வீடு வந்து சேரும் பயிர் இது என்பதால், கிணறும் கால்வாயும் எட்டாத கரிசலில் இதற்கு மாற்று அதிகமில்லை. யானைமலைக்கு அருகே ஒத்தக்கடையில் 1965 முதல் இயங்கும் வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மதுரை 1 என்னும் குதிரைவாலி ரகம் வெளிவந்திருப்பதால், இந்த வேலைக்கு இங்கே ஒரு தொடக்கமும் உண்டு.

நல்ல ரகம் வருவது நன்மைதான். ஆனால் அந்த ஒரே ரகம் எல்லா வயல்களையும் நிரப்பிவிட்டால், அடுத்த ரகத்தை எதிலிருந்து உருவாக்குவது என்ற கேள்வி எழுகிறது. 1970-இல் அமெரிக்காவின் மக்காச்சோள வயல்களில் பெரும்பாலானவை ஒரே வகைத் தாய்வழிச் சைட்டோபிளாசத்தை (உயிரணுவில் உட்கருவைச் சூழ்ந்திருக்கும் பகுதியை) கொண்ட வீரிய ஒட்டுகளாக இருந்தன. அந்தச் சைட்டோபிளாசத்தைக் குறிவைத்துத் தாக்கிய ஓர் இலைக்கருகல் பூஞ்சாணம் அவ்வாண்டு விளைச்சலில் ஏறத்தாழ 15 சதவீதத்தை அழித்தது. பயிர் பல பெயர்களில் விற்கப்பட்டாலும் உள்ளே இருந்தது ஒன்றுதான். குதிரைவாலியில் அந்த நிலை வருமுன் கையிருப்பை எண்ணிப் பார்ப்பதே இந்த மதிப்பீட்டின் நோக்கம்.

எங்கள் வயலில் ஒவ்வொரு கதிரும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. அதுதான் மரபுப் பன்மையா?

ஒரு பகுதி மட்டுமே அது. வரப்போரத்தில் நின்ற செடிக்குக் கூடுதல் வெயிலும் இடமும் கிடைத்திருக்கும். எருக்குவியல் கிடந்த இடத்தில் முளைத்த செடி தூர் வெடித்துத் தழைத்திருக்கும். பள்ளத்தில் நீர் தேங்கிய இடத்தில் கதிர் குட்டையாகியிருக்கும். இந்த வேற்றுமைகள் விதை வழியாக அடுத்த ஆண்டுக்குச் செல்வதில்லை. விதையோடு சேர்ந்து மகவுக்குப் போகும் வேற்றுமையையே மரபுப் பன்மை என்கிறோம். இரண்டையும் பிரித்தறியக் கண் போதாது. எல்லா விதைகளையும் ஒரே நிலத்தில், ஒரே நாளில், ஒரே இடைவெளியில் விதைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் நிலைத்து நிற்கும் வேற்றுமையில்தான் மரபின் பங்கைத் தேட முடியும்.

பெயர்களை நம்பி எண்ணுவதும் தவறு. ஒரே விதை ஓர் ஊரில் கதிரின் வடிவத்தாலும் அடுத்த ஊரில் கொண்டுவந்து கொடுத்தவரின் பெயராலும் அழைக்கப்படும். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒரே பெயரில் வழங்கும் இரு விதைகள் பூக்கும் நாளில் பத்து நாள் வேறுபடுவதும் உண்டு. ஆகவே விதை வாங்கும்போது பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் பெயர்களின் எண்ணிக்கையைப் பன்மையின் எண்ணிக்கையாகக் கொள்ளக் கூடாது.

விதை திரட்டும்போது ஒரு வயலில் எத்தனை கதிர்கள் எடுக்க வேண்டும்?

குதிரைவாலி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். ஆகவே ஒரு செடியின் விதைகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. ஒரு கதிரை எடுத்தாலும் பத்துக் கதிர்களை எடுத்தாலும் அந்தச் செடியிலிருந்து கிடைப்பது ஒரே செய்திதான். வேற்றுமை செடிக்கும் செடிக்கும் இடையில் இருக்கிறது. எனவே ஒரு செடிக்கு ஒரு கதிர் வீதம் பல செடிகளிலிருந்து எடுக்க வேண்டும்.

எத்தனை என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஒரு வயலில் நூற்றுக்கு ஐந்து செடிகளில் மட்டும் இருக்கும் ஒரு மரபணு வடிவத்தை நாம் தவறவிடக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கதிர் எடுக்கையில் அது அகப்படாமல் போகும் வாய்ப்பு 0.95. 59 கதிர்கள் எடுத்தால் அத்தனையிலும் அது அகப்படாமல் போகும் வாய்ப்பு 0.95-ஐ 59 முறை பெருக்கியதற்குச் சமம், அது 0.05-க்குச் சற்றுக் குறைவு. அதாவது நூற்றுக்கு 95 முறை அந்த வடிவம் நம் பைக்குள் வந்துவிடும். ஆகையால் அறுபது கதிர் என்று வைத்துக்கொண்டால் போதும். வயலின் ஒரு மூலையிலேயே அறுபதையும் ஒடித்துவிட்டு வந்தால் இந்தக் கணக்குப் பொருந்தாது. குறுக்கும் நெடுக்கும் நடந்து, கண்ணைக் கவரும் பெரிய கதிர்களை மட்டும் தேடாமல் எடுக்க வேண்டும். விதை நேர்த்தியில் பழகிய கை பெரிய கதிரையே நாடும். அந்தப் பழக்கத்தை அன்று ஒருநாள் அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

களத்தில் அடித்துக் கலந்த விதையை ஒரு படி வாங்கி வருவது எளிதான வழி. ஆயினும் பல ஆண்டுகளாக ஒரே களத்தில் பக்கத்து வயல்களின் கதிர்களும் அடிபட்டிருக்கும் என்பதால், அந்த விதை எந்த வயலுடையது என்று சொல்வதற்கில்லை.

விதையோடு வேறு என்னென்ன விவரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்?

ஊர், வட்டம், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, கரிசலா செவலா என்ற மண் விவரம், விதைத்த பட்டம், உழவர் சொல்லும் பெயர், அந்த விதை அவரிடம் எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, முதலில் எங்கிருந்து வந்தது ஆகியவை வேண்டும். கடைசி இரண்டையும் பெரும்பாலோர் கேட்பதில்லை. ஆனால் அவையே அதிகம் பயன்படுகின்றன. சென்ற ஆண்டு கடையில் வாங்கிய ரகத்தை நாட்டு விதை என்று எண்ணித் திரட்டிவிட்டு, பிறகு அது மதுரை 1-ஐ ஒத்திருப்பது கண்டு வியந்தவர்கள் இருக்கிறார்கள். அட்டையைப் பென்சிலால் எழுதிப் பைக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக வைக்கவும். மையால் எழுதிய ஒற்றை அட்டையோடு நான் ஐப்பசி மழையில் நனைந்து திரும்பியதில் ஒரு நாள் உழைப்பு முழுவதும் பெயரற்ற விதையாகிவிட்டது.

மரபணு வங்கிகளில் விதை இருக்கும்போது ஊர் ஊராக ஏன் அலைய வேண்டும்?

இரண்டும் வேண்டும். புதுதில்லியில் 1976 முதல் இயங்கும் தேசியத் தாவர மரபு வளப் பணியகம், ஐதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட், கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ராமையா மரபணு வங்கி ஆகியவை இத்தகைய விதைகளைக் காக்கும் இடங்கள். இக்ரிசாட்டில் 736 குதிரைவாலி மாதிரிகளின் பண்புகளை ஆராய்ந்து, அவற்றின் வேற்றுமையை ஏறக்குறைய முழுவதும் தாங்கி நிற்கும் 89 மாதிரிகளை ஒரு மையத் தொகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். பத்தில் ஒரு பங்கைக் கொண்டு முழுமையை ஆராய்வது என்ற இந்த உத்தி, ஆளும் நிலமும் குறைந்த ஒரு நிலையத்துக்குப் பெரும் உதவி. 736 மாதிரிகளையும் விதைத்து அளப்பதற்குள் மாணவரின் உதவித்தொகைக் காலம் முடிந்துவிடும்.

ஆனால் வங்கி விதை திரட்டிய ஆண்டோடு உறைந்து நிற்கிறது. வயல் விதையோ ஒவ்வோர் ஆண்டும் வறட்சியையும் குருத்து ஈயையும் சந்தித்து மாறிக்கொண்டே இருக்கிறது. எனவே வங்கியின் மையத் தொகுப்பையும் நம் வட்டார விதைகளையும் அடுத்தடுத்துப் பாத்திகளில் விதைத்து ஒப்பிடுவதே முறை. வட்டார விதை வங்கியில் இல்லாத எதையாவது கொண்டிருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

கைவசம் விதை குறைவு. மும்முறை மீள்விதைப்புச் செய்ய முடியவில்லை. சோதனையை எப்படி அமைப்பது?

புள்ளியியலாளர் ஃபெடரர் 1956-இல் முன்வைத்த விரிவாக்கப்பட்ட தொகுதி அமைப்பு இதற்காகவே ஏற்பட்டது. புதிய மாதிரிகள் ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை விதைக்கப்படும். ஒப்பீட்டு ரகங்கள் மட்டும் ஒவ்வொரு தொகுதியிலும் திரும்பத் திரும்ப வரும். தொகுதிக்குத் தொகுதி மண் வளம் எவ்வளவு மாறுகிறது என்பதை ஒப்பீட்டு ரகங்கள் காட்டிக்கொடுக்க, அதைக் கொண்டு புதியவற்றின் அளவுகளைத் திருத்திக்கொள்ளலாம்.

60 மாதிரிகளை ஐந்து தொகுதிகளாகப் பிரித்தால் தொகுதிக்குப் பன்னிரண்டு வரும். மூன்று ஒப்பீட்டு ரகங்களை வைத்தால் பிழைக்கான சுதந்திர அளவு (பிழையை மதிப்பிடக் கிடைக்கும் தனித்த ஒப்பீடுகளின் எண்ணிக்கை) 8 மட்டுமே கிடைக்கும். நான்கு வைத்தால் 12 கிடைக்கும். 12-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்லது. மதுரை 1, கோ (கேவி) 2 ஆகிய இரு வெளியிடப்பட்ட ரகங்களோடு, வட்டாரத்தில் பலரும் அறிந்த இரு நாட்டு விதைகளைச் சேர்த்துக்கொண்டால் நான்காகிவிடும்; உழவர் வந்து பார்க்கும்போது ஒப்பிடுவதற்கும் அவருக்கு ஒரு பழகிய முகம் இருக்கும். அடுத்த ஆண்டு விதை பெருகியவுடன் முறையான மீள்விதைப்புகளோடு மறுபடி விதைக்க வேண்டும். ஓர் ஆண்டுச் சோதனையை மட்டும் கொண்டு முடிவு செய்வதை மானாவாரிப் பயிரில் என்னால் ஏற்க முடிவதில்லை; ஒரு மழை தவறினால் வரிசையே தலைகீழாகிவிடுகிறது.

எந்தப் பண்புகளை அளக்க வேண்டும்?

பாதிச் செடிகள் பூப்பதற்கான நாள், முதிர்ச்சி நாள், செடியின் உயரம், கதிர் பிடித்த தூர்களின் எண்ணிக்கை, கொடி இலையின் நீள அகலம், கதிரின் நீளம், கதிரில் உள்ள கிளைகளின் எண்ணிக்கை, அடிக்கிளையின் நீளம், ஆயிரம் மணிகளின் எடை, ஒரு செடியின் மகசூல் ஆகியவை வழக்கமானவை. இவற்றோடு அடித்தண்டின் ஊதா நிறம், கதிரின் வடிவம், சாயும் இயல்பு, கரிப்பூட்டை நோயின் அளவு ஆகியவற்றைப் பார்வையால் மதிப்பிடலாம். இந்த வட்டாரத்துக்கு இன்னும் ஒன்றைக் கட்டாயம் சேர்ப்பேன்: உமி நீக்கியபின் கிடைக்கும் அரிசியின் பங்கு. குதிரைவாலியின் உமி எளிதில் கழலாது. அரைவை ஆலையில் காத்திருந்து நொய்யோடு திரும்பும் பெண்களிடம் எந்தப் பண்பு வேண்டும் என்று கேட்டால், மகசூலுக்கு முன்னால் இதைத்தான் சொல்கிறார்கள்.

மாறுபாட்டுக் கெழு, பாரம்பரியத் திறன், மரபு முன்னேற்றம் என்று அட்டவணையில் வரும் எண்களை எப்படிப் படிப்பது?

கணக்கு விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு செடியின் சராசரி மகசூல் 20 கிராம். கண்ணுக்குத் தெரியும் மொத்த மாறுபாடு 25. அதில் மரபால் வந்தது 16. மீதி 9 சூழலால் வந்தது. மொத்த மாறுபாட்டின் வர்க்கமூலம் 5. அதைச் சராசரியால் வகுத்தால் புறத்தோற்ற மாறுபாட்டுக் கெழு 25 சதவீதம். மரபு மாறுபாட்டின் வர்க்கமூலம் 4. ஆகவே மரபு மாறுபாட்டுக் கெழு 20 சதவீதம். இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளி சூழலின் கைவரிசை. 10-க்குக் கீழ் குறைவு, 10 முதல் 20 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று 1973-இல் சிவசுப்பிரமணியனும் மாதவமேனனும் தந்த அளவுகோலைத்தான் இந்தியப் பயிர்ப் பெருக்கத் துறையில் இன்றும் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள்.

16-ஐ 25-ஆல் வகுத்தால் பாரம்பரியத் திறன், அதாவது மொத்த மாறுபாட்டில் மரபின் பங்கு, 64 சதவீதம். சிறந்த ஐந்து சதவீதச் செடிகளைத் தெரிவு செய்தால் அடுத்த தலைமுறையில் எதிர்பார்க்கும் முன்னேற்றம் 2.06 × 5 × 0.64, ஏறத்தாழ 6.6 கிராம் (2.06 என்பது ஐந்து சதவீதத் தெரிவுக்கு உரிய நிலையான எண்). இது சராசரியில் 33 சதவீதம். இத்தகைய பண்பில் நேரடித் தெரிவு பலன் தரும். பாரம்பரியத் திறன் அதிகமாக இருந்தும் முன்னேற்றம் குறைவாக இருந்தால், அந்தப் பண்பில் வேற்றுமையே குறைவு என்று பொருள். பூக்கும் நாளில் இதை அடிக்கடி காணலாம். மாணவர்கள் பாரம்பரியத் திறனை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடுகிறார்கள். அது ஒரு விகிதம். விகிதம் பெரிதாக இருப்பதால் அளவும் பெரிதாகிவிடாது.

இந்த எண்கள் விதையின் நிலையான சொத்துகளும் அல்ல. அதே 60 மாதிரிகளைப் பாசன நிலத்தில் விதைத்தால் வேறு எண்கள் வரும்.

மஹலனோபிஸ் தொலைவு என்பது என்ன?

இரு மாதிரிகள் பல பண்புகளில் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்லும் அளவு அது; புள்ளியியலாளர் பி. சி. மஹலனோபிஸ் மனிதக் குழுக்களின் உடல் அளவீடுகளை ஒப்பிடுவதற்காகச் செம்மைப்படுத்தி 1936-இல் முழு வடிவில் வெளியிட்டார். உயரமும் கதிர் நீளமும் ஒன்றோடொன்று சேர்ந்தே மாறுகின்றன என்றால், இரண்டையும் தனித்தனியாகக் கூட்டுவது ஒரே வேற்றுமையை இருமுறை எண்ணுவதாகும். மஹலனோபிஸ் அளவு அந்தத் தொடர்பைக் கழித்துவிட்டுத் தொலைவைக் கணக்கிடுகிறது. அதன் பிறகு டோச்சர் முறையில் நெருங்கியவற்றை ஒரே கொத்தாகச் சேர்க்கிறோம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. எந்தப் பண்பு மொத்த வேற்றுமைக்கு அதிகம் பங்களித்தது என்று ஓர் அட்டவணை போட்டு, ஆயிரம் மணி எடையோ பூக்கும் நாளோ முதலிடம் பெற்றதால் அதுவே முக்கியமான பண்பு என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. இந்தக் கணக்கில் தொலைவு, பிழை மாறுபாட்டைக் கொண்டு அளக்கப்படுகிறது. தராசில் துல்லியமாக எடைபோட்ட பண்புக்கும் நாள் எண்ணிக் குறித்த பண்புக்கும் பிழை குறைவு. ஆகவே அவை இயல்பாகவே மேலே வந்துவிடும். மகசூலில் பிழை அதிகம். அது கீழே போய்விடும். முதலிடம் பெற்ற பண்பு பெரும்பாலும் நாம் நன்றாக அளந்த பண்பு. இனப்பெருக்கத்தில் அதன் முக்கியத்துவத்தை அந்த அட்டவணை சொல்வதில்லை.

டி.என்.ஏ. குறிப்பான்களைக் கொண்டு பார்த்தால் இந்தச் சிக்கல்கள் எல்லாம் தீர்ந்துவிடுமா?

குறிப்பான் என்பது செடிக்குச் செடி வேறுபடும் ஒரு டி.என்.ஏ. அடையாளம். மழையும் மண்ணும் டி.என்.ஏ.வை மாற்றுவதில்லை என்பதால் சூழலின் குறுக்கீடு நீங்குகிறது. இளம் இலை ஒன்றே போதும் என்பதால் கதிர் முற்றும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் குதிரைவாலி வேறு சிக்கல்களை வைத்திருக்கிறது. இது ஆறுமடங்கு குரோமோசோம் தொகுதி உடைய பயிர். மொத்தம் 54 குரோமோசோம்கள். ஒரு மரபணுவுக்கு மூன்று துணைத் தொகுதிகளிலும் ஒத்த படிகள் இருப்பதால், குறுந்தொடர் மீள்வரிசைக் குறிப்பான் (சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. பகுதி) ஒன்றைப் பயன்படுத்தும்போது ஒரே செடியில் இரண்டு மூன்று பட்டைகள் தெரியும். அவை ஒரே இடத்தின் மாற்று வடிவங்களா, வெவ்வேறு துணைத் தொகுதிகளின் படிகளா என்று பிரித்தறியாமல் எண்ணினால் முடிவு முழுவதும் பிசகும்.

தன் மகரந்தச் சேர்க்கை உள்ள பயிரில் கலப்பினத்தன்மை (ஒரே செடியில் ஒரு மரபணுவின் இரு வேறு வடிவங்கள் இருப்பது) மிகக் குறைவாகவே இருக்க வேண்டும். ஒரு குறிப்பானில் ஏறத்தாழ எல்லாச் செடிகளுமே கலப்பினமாகத் தெரிகின்றன என்றால், அந்தக் குறிப்பானைத் தள்ளிவிடுங்கள். அங்கே இரு படிகள் ஒன்றாகப் படிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மாதிரியில் மட்டும் எல்லாக் குறிப்பான்களிலும் கலப்பு அதிகமாக இருந்தால், விதை கலந்திருக்கிறது அல்லது அண்மையில் அயல் மகரந்தம் சேர்ந்திருக்கிறது. ஒரு குறிப்பானில் எல்லாச் செடிகளும் கலப்பாகத் தெரிவது சோதனைக்கூடத்தின் பிழை. ஒரு மாதிரியில் எல்லாக் குறிப்பான்களும் கலப்பாகத் தெரிவது வயலின் செய்தி. இவ்விரண்டையும் ஒரே சராசரிக்குள் போட்டு எழுதிய ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு தவறான ஒப்பீடும் அடிக்கடி நிகழ்கிறது. ஒற்றை எழுத்து மாற்றக் குறிப்பானுக்கு இரண்டே வடிவங்கள். இரண்டும் சரிபாதியாக இருந்தாலும் அதன் தகவல் உள்ளடக்க மதிப்பு (மாதிரிகளைப் பிரித்துக் காட்டும் திறனின் அளவு) 0.375-ஐத் தாண்டாது. மீள்வரிசைக் குறிப்பானுக்குப் பல வடிவங்கள் உண்டு, அது 0.6, 0.7 என்று எளிதில் போகும். ஒருவர் அந்த வகையில் 0.65 கண்டார், நாங்கள் இந்த வகையில் 0.30 கண்டோம், ஆகவே எங்கள் விதைகளில் பன்மை குறைவு என்று முடிவுகட்டுவது படியையும் முழத்தையும் ஒப்பிடுவது போன்றது.

வயல் அளவீட்டின்படி ஒரு கொத்தில் இருந்தவை குறிப்பான்களின்படி வெவ்வேறு கொத்துகளில் விழுகின்றன. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. குறிப்பான்கள் பெரும்பாலும் பண்புகளோடு நேரடித் தொடர்பில்லாத இடங்களில் இருப்பவை. அவை வம்சாவளியைச் சொல்கின்றன. வயல் அளவீடு, தெரிவின் கைபட்ட பண்புகளைச் சொல்கிறது. வெவ்வேறு வம்சத்தைச் சேர்ந்த இரு விதைகளை ஒரே கரிசலும் ஒரே மழையும் ஒரே உயரத்துக்கும் ஒரே நாளுக்கும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கலாம்.

இது நம் வயலில் மட்டும் காணும் புதிர் அன்று. இக்ரிசாட்டின் மையத் தொகுப்பை உள்ளடக்கிய 95 மாதிரிகளை டி.என்.ஏ. வரிசைப்படுத்தல் வழியே ஆராய்ந்து 2015-இல் வெளிவந்த ஆய்வில், தெளிவான குழுக் கட்டமைப்பு இருந்தும் அது வெளித்தோற்றத்தோடும் பிறப்பிடத்தோடும் இலேசாகவே பொருந்தியது. கதிரின் வடிவத்தை வைத்துப் பழைய வகைப்பாட்டில் பிரித்திருந்த உட்பிரிவுகளுக்கு அந்தத் தரவில் ஆதரவு கிடைக்கவில்லை. அருகருகே உள்ள ஊர்களின் விதைகள் உறவினர்களாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தையும் இது அசைக்கிறது. பெண் கொடுத்து எடுக்கும் வழியிலும் சந்தை வழியிலும் விதை எவ்வளவு தொலைவு போகிறது என்று நம் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் இதில் வியப்பொன்றும் இராது.

அப்படியானால் மிகத் தொலைவில் உள்ள இரண்டைத் தெரிந்தெடுத்துக் கலந்தால் மிகச் சிறந்த ரகம் கிடைக்குமா?

இந்தக் கேள்விக்கு நேரே இல்லை என்று சொல்லிவிடுவேன். தொலைவு என்பது வேற்றுமையின் அளவு மட்டுமே. அந்த வேற்றுமை நல்லதா கெட்டதா என்பதை அது சொல்வதில்லை. குட்டையாக, தூர் குறைந்து, விதை உதிரும் ஒரு மாதிரி மதுரை 1-இலிருந்து வெகு தொலைவில் நிற்கும். அதோடு கலந்தால் இரண்டாம் தலைமுறையில் வேற்றுமை கொட்டிக் கிடக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி களையெடுக்க வேண்டிய வேற்றுமையாக இருக்கும். சிறிய நிலமும் இரண்டு ஆட்களும் உள்ள ஒரு நிலையம் அந்தக் கூட்டத்திலிருந்து நல்லதைத் தேடிப் பிடிப்பது அரிது.

ஆகவே முதலில் தேவையை எழுதுங்கள். இந்த வட்டாரத்துக்கு மூன்று தேவைகளைச் சொல்வேன்: கார்த்திகையில் மழை நின்றுவிட்டாலும் மணி பிடிப்பது, கதிர் முற்றியபின் சாயாமல் நிற்பது, உமி எளிதில் கழல்வது. பிறகு, ஒவ்வொரு தேவையிலும் சராசரியால் உயர்ந்த மாதிரிகளைப் பிரியுங்கள். அவற்றுக்குள் வெவ்வேறு கொத்துகளில் விழும் இணைகளைத் தேடுங்கள். கொத்துப் பகுப்பாய்வு கடைசியில் வர வேண்டிய சல்லடை. முதலில் வைத்தால் நல்லதும் சேர்ந்து கழிந்துவிடும். நடுத்தரத் தொலைவில், இருவரும் சொந்தக் காலில் நிற்கக்கூடிய பெற்றோராக இருந்தால், மகவில் தெரிவு எளிதாகிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. வேறெங்கும் கிடைக்காத நோய் எதிர்ப்பு ஒரே ஒரு மாதிரியில் மட்டும் இருந்தால், அது எவ்வளவு பயனற்ற செடியாக இருந்தாலும் எடுத்துக்கொள்ள வேண்டும். நெல்லில் புல்தோற்றக் குட்டை நச்சுயிரிக்கு எதிர்ப்பைத் தேடி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்தபோது, உத்தரப் பிரதேசத்தில் திரட்டிய ஒரைசா நிவாரா என்னும் காட்டு நெல்லின் ஒரே மாதிரியில்தான் அது கிடைத்தது. அதன் வழியாகவே ஐ.ஆர். 36 போன்ற ரகங்களுக்கு அந்த எதிர்ப்பு வந்தது. அத்தகைய பெற்றோரைக் கலந்தபின், பலமுறை நல்ல ரகத்தோடு மீண்டும் மீண்டும் கலந்து வேண்டாததைக் கழிக்க வேண்டும்.

குதிரைவாலியைக் கலப்பது கடினம் என்கிறார்களே?

கடினம்தான். பூ மிகச் சிறியது. விடியற்காலையில் தொடங்கி முற்பகலுக்குள் திறந்து மூடிவிடும். மகரந்தப் பைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பதற்குள் பாதிப் பூக்கள் தாமே கருவுற்றுவிடுகின்றன. கதிரைச் சரியான சூட்டு வெந்நீரில் சில நிமிடம் அமிழ்த்தி மகரந்தத்தை மட்டும் செயலிழக்கச் செய்வதும், இரு பெற்றோரின் கதிர்களைச் சேர்த்துக் கட்டி ஒரே உறைக்குள் விடுவதும் வழக்கத்தில் உள்ளன. இரண்டிலும் தன் மகரந்தத்தால் வந்த விதைகள் கலந்தே கிடைக்கும். இங்கேதான் மரபுப் பன்மை மதிப்பீடு கைகொடுக்கிறது: தாயில் இல்லாமல் தந்தையில் மட்டும் உள்ள ஊதா அடித்தண்டு போன்ற ஓங்கு பண்பையோ குறிப்பானையோ முன்பே அறிந்திருந்தால், முளைத்த நாற்றிலேயே உண்மையான கலப்பைப் பிரித்துவிடலாம். கலப்பு இவ்வளவு அரிதாகக் கிடைப்பதால், சிறுதானியங்களில் நாட்டு விதையிலிருந்து தூய வரிசையை (ஒரே செடியின் வழிவந்த, மாறாத விதையை) தெரிந்தெடுப்பதும், காமா கதிர்வீச்சால் திடீர் மாற்றங்களை உண்டாக்குவதும் இணையான வழிகளாக நிலைத்திருக்கின்றன.

ஜப்பானியக் குதிரைவாலியோடு கலக்கலாமா? வயலில் களையாக வரும் குதிரைவாலிப் புல்லோடு?

நாம் பயிரிடுவது எக்கினோகுளோவா புருமென்டேசியா. அதன் காட்டு முன்னோர் நம் நெல் வயல்களில் களையாக நிற்கும் எக்கினோகுளோவா கொலோனா. ஜப்பானிய வகை வேறோர் இனம். அதன் முன்னோரும் வேறு. இரண்டுக்கும் 54 குரோமோசோம்களே என்றாலும், கலந்து கிடைத்த முதல் தலைமுறை மலடாகிவிடுகிறது. களையோடு கலந்தால் வளமான மகவு கிடைக்கும். கூடவே விதை உதிரும் குணமும் வந்துவிடும் என்பதால் அது நீண்ட கால வேலை. திரட்டும்போது களைச் செடியின் கதிரையும் பயிரின் கதிரையும் ஒரே பையில் போடாமல் இருந்தால் போதும்.

எங்கள் விதையைக் கொண்டுபோய் ரகம் உருவாக்கினால் எங்களுக்கு என்ன உரிமை?

2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், உழவர் தம் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் உரிமை தருகிறது. இச்சட்டத்தின்கீழ் பாதுகாப்புப் பெற்ற ரகத்தை அதன் வணிகப் பெயரிட்டு விற்பதை மட்டும் அது தடுக்கிறது. உழவர் தாம் காத்துவரும் நாட்டு ரகத்தைத் தம் பெயரிலோ ஊர்ச் சமூகத்தின் பெயரிலோ பதிவு செய்யலாம். புதிய ரகத்தைப் பதிவு செய்பவர் அதன் பெற்றோர் எங்கிருந்து வந்தன என்று அறிவிக்க வேண்டும். பயன்பட்ட விதைக்கு உரியவர் பயன் பகிர்வைக் கோரலாம். விதை கொடுக்கும்போது அட்டையில் உங்கள் ஊர்ப் பெயர் எழுதப்படுவதைப் பார்த்தபின் பையைக் கொடுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் பின்னால் எந்தக் கோரிக்கையும் நிற்காது.

இந்த மதிப்பீடு தொடங்கி ரகம் வெளிவர எவ்வளவு காலம் ஆகும்?

விதை திரட்டி இரண்டு பருவம் அளப்பதற்கு இரண்டு ஆண்டு. கலப்பு வெற்றியானபின் ஐந்து ஆறு தலைமுறை தெரிவு செய்தால்தான் வரிசை நிலைபெறும். அதன் பிறகு நிலையச் சோதனை, பல இடச் சோதனை, உழவர் வயலில் தகவமைப்புச் சோதனை. ஆக, பத்து ஆண்டு என்று எண்ணிக்கொள்வதே நியாயம். தூய வரிசைத் தெரிவில் சில ஆண்டு குறையும்.

அதுவரை எங்கள் விதையை நாங்களே எப்படிக் காப்பது?

மரபணு வங்கியில் விதையை நன்கு உலர்த்திப் பூச்சியத்துக்குக் கீழ் 18 டிகிரி வெப்பநிலையில் வைக்கிறார்கள். வீட்டில் அது முடியாது, தேவையும் இல்லை. நன்றாக முற்றிய அறுபது கதிர்களை அறுவடைக்கு முன்பே தனியே ஒடித்து, தனித் தார்ப்பாயில் அடித்து, நிழலில் தொடங்கி இள வெயிலில் உலர்த்திக் கொள்ளுங்கள். குலுக்கையில் மற்ற தானியத்தோடு போடாமல், காற்றுப் புகாத சிறு கலத்தில் உலர்ந்த வேப்பிலையோடு வைத்து, ஊர், ஆண்டு எழுதிய அட்டையை உள்ளே இடுங்கள். பொங்கல் கழிந்து ஒருமுறையும் விதைப்புக்கு முன் ஒருமுறையும் நூறு விதைகளை ஈரத்துணியில் முளைக்கவிட்டு எண்ணிப் பாருங்கள். முளைப்பாரிக்கு விதை தேர்ந்து பழகிய வீடுகளில் இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. 75-க்குக் குறைந்தால் அந்த ஆண்டே விதைத்துப் புதுப்பித்துவிட வேண்டும். புதுப்பிக்கும்போதும் பத்துச் செடியில் நிறுத்திவிடாமல், அறுபதுக்குக் குறையாத செடிகளிலிருந்து விதை எடுங்கள்.